மொட்டை மாடியில் ஒரு குட்டி டவர்

மொட்டை மாடியில் நாலு கோடு. படி இறங்கினால் இரண்டு. கூடத்தில் ஒன்று வந்து வந்து போகும். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் அதுவும் போய்விடும். கூரியர்காரர் வாசலில் நின்று அடிக்கும் போன் உள்ளே ஒலிக்காது. வங்கி அனுப்பிய ஓடிபி காலாவதியான பிறகு சாவகாசமாக வந்து சேரும். அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருப்பவருக்கும் மலையடிவாரத் தோட்ட வீட்டில் இருப்பவருக்கும் பொதுவான சங்கடம் இது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த யோசனை வந்தே தீரும்: மாடியில் இருக்கும் சிக்னலைப் பிடித்துக் கீழே இறக்கினால் என்ன? மேலே ஒரு ஆன்டெனா, கீழே ஒரு ஆன்டெனா, நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர். தீர்ந்தது விஷயம்.

யோசனையில் தப்பே இல்லை. சுரங்க ரயில் நிலையத்திலும் பெரிய மால்களின் அடித்தளத்திலும் மொபைல் நிறுவனங்களே செய்வது இதன் பெரிய வடிவம்தான். அதை நாமே வீட்டில் செய்யக் கிளம்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அந்தச் சிக்கல் என்ன, அதைச் சுற்றிக்கொண்டு போக வழி உண்டா என்று பார்ப்போம்.

முதல் வேலை, கோடுகளை நம்புவதை நிறுத்துவது. எத்தனை கோடு காட்டுவது என்பது போன் தயாரிப்பாளர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட கணக்கு. ஆண்ட்ராய்டு போனில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் உண்மையான அளவு ‘டிபிஎம்’ என்ற அலகில் இருக்கும். எல்லாமே மைனஸ் எண்கள். மைனஸ் 80 என்றால் நிம்மதி. மைனஸ் 100 என்றால் சுமார். மைனஸ் 115-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்து கேட்கும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு 10-க்கும், அதாவது 10 டெசிபலுக்கும், சக்தி பத்து மடங்கு மாறுகிறது. மைனஸ் 50-க்கும் மைனஸ் 110-க்கும் உள்ள வித்தியாசம் 10 லட்சம் மடங்கு. அந்த 10 லட்சத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டும் நம் போன் பேசிக்கொண்டிருக்கிறது என்பதே ஆச்சரியம்தான்.

இந்தச் சக்தியையெல்லாம் விழுங்குவது பெரும்பாலும் நம் வீடுதான். டவரைக் குறை சொல்வதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்று 10 முதல் 20 டெசிபல் வரை தின்றுவிடும். வெயில் உள்ளே வராமலிருக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி இன்னும் மோசம். சில ரகங்கள் 30 டெசிபல் வரை தின்று, ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும்தான் உள்ளே விடும். தகரக் கூரையும், கடைகளின் முகப்பில் ஒட்டும் அலுமினியப் பலகையும் சொல்லவே வேண்டாம். ஓட்டு வீட்டிலும் மண் சுவர் வீட்டிலும் இந்தத் தொல்லை குறைவு.

இந்த இடத்தில்தான் ‘பூஸ்டர்’ என்ற சொல் நம் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது புதுச் சொல் இல்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, நம் தென்கோடிக் கடலோர ஊர்கள் பலவற்றுக்குத் தூர்தர்ஷன் எட்டியிருக்கவில்லை. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கமெல்லாம் பனைமரத்துக்குப் போட்டியாகக் கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, அதை இலங்கைப் பக்கம் திருப்பி, கூடவே ஒரு பூஸ்டரையும் மாட்டிக் கடல் தாண்டி வந்த படத்தைப் பார்த்தார்கள். பூஸ்டர் போட்டால் புள்ளி குறையும், படம் தெளியும். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நினைப்பிலேயே இன்றைக்கும் ‘மொபைல் பூஸ்டர்’ தேடுகிறோம். இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் கோளாறு.

டிவி பூஸ்டர் கேட்க மட்டும் செய்தது. ரூபவாஹினியின் டிரான்ஸ்மிட்டருக்கு நாம் பதில் எதுவும் அனுப்பவில்லை. ஆனால் போன் ஒவ்வொரு நொடியும் டவரோடு பேசிக்கொண்டே இருக்கிறது. ஆகவே மொபைல் பூஸ்டருக்கு, அதாவது ரிப்பீட்டருக்கு, இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும். ஒன்று டவரிலிருந்து வருவதைப் பெருக்கி வீட்டுக்குள் விடும். மற்றது போனிலிருந்து போவதைப் பெருக்கி டவர் பக்கம் அனுப்பும். உதாரணமாக 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டை எடுத்துக்கொண்டால், போன் பேசுவது 880 முதல் 915 வரை, டவர் பேசுவது 925 முதல் 960 வரை. நடுவே இருப்பது 10 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஒரு திசையின் சிக்னல் மறு திசைக்குள் கசியாமல் பிரிப்பதற்கு டூப்ளெக்ஸர் என்ற வடிகட்டி வேண்டும். வீட்டில் செய்பவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்தப் பாகத்தில்தான். ஆம்ப்ளிஃபயர் சிப் கைக்கெட்டும் விலைக்குக் கிடைக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் செங்குத்தாக வெட்டிப் பிரிக்கும் வடிகட்டியைக் கையால் செய்வது, அளக்கும் கருவிகள் இல்லாத மேஜையில் நடக்கிற காரியம் இல்லை.

அது 900-க்கு மட்டும். நம் போன் 850, 1800, 2100, 2300 என்று பல பேண்டுகளில் தாவிக்கொண்டிருக்கிறது. இதில் 2300-ம் 5ஜியின் 3300-ம் வேறு ரகம். அங்கே போனும் டவரும் ஒரே அலைவரிசையில், நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு மாறி மாறிப் பேசுகின்றன. மில்லி நொடிக் கணக்கில் திசை மாறுவதைக் கண்டுபிடித்துக் கூடவே தானும் மாறாத ரிப்பீட்டர் அங்கே செல்லாக்காசு. ‘2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி அனைத்துக்கும்’ என்று அச்சடித்து மலிவு விலையில் விற்கும் பெட்டிகளைச் சந்தேகத்தோடு பார்க்க இந்த ஒரு காரணமே போதும்.

சரி, வடிகட்டியையும் சமாளித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது ஊளை. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ‘கீ...ச்’ என்று கத்துமே, அதேதான். கீழே உள்ள ஆன்டெனா விடும் சிக்னலை மேலே உள்ள ஆன்டெனா மறுபடி பிடிக்கிறது. பெருகுகிறது, இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது. மைக் கத்தினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். இது கத்தினால் யார் காதிலும் விழாது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருப்பார். சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்களின் போன்கள் திணறும்.

இதைத் தடுப்பதற்குத் தொழில்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. பெட்டி எத்தனை டெசிபல் பெருக்குகிறதோ, அதைவிடச் சுமார் 15 டெசிபல் கூடுதலாக இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே தடுப்பு இருக்க வேண்டும். 60 டெசிபல் பெட்டிக்கு 75 டெசிபல் தடுப்பு. குறுக்கே எதுவும் இல்லாத 10 மீட்டர் இடைவெளியில் 900 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் குறைவது 51 டெசிபல் மட்டுமே. மீதி 24-ஐக் கான்கிரீட் தளங்களும், ஆன்டெனாக்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்பதும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். ஒற்றை மாடி வீட்டில், ஜன்னலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று மாட்டுபவர் இந்தக் கணக்கில் நிச்சயம் தோற்பார்.

ஊளையை நிறுத்திவிட்டாலும் இரைச்சல் போகாது. நான் இந்த விஷயத்தில் கறாராக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். எந்த ஆம்ப்ளிஃபயரும், உள்ளே சிக்னலே வராதபோதும், தன் பாட்டுக்குக் கொஞ்சம் இரைச்சலை உற்பத்தி செய்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வீட்டில் செய்த 70 டெசிபல் பெட்டி ஒன்றை, டவரிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்தில், டவர் கண்ணுக்குத் தெரியும் மாடியில், 14 டெசிபல் ஆன்டெனாவோடு வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அது டவருக்கு அனுப்பும் வெறும் இரைச்சல், டவரின் ரிசீவருக்கு இயல்பாகவே உள்ள இரைச்சலைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் வருகிறது. விளைவு என்ன? பல தெரு தள்ளி, தன் 200 மில்லிவாட்டை முழுசாகச் செலவழித்து டவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவரின் போன் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகிறது. அவர் போனில் கோடு நாலும் தெரியும், ஏனென்றால் டவர் சொல்வது அவருக்கு நன்றாகக் கேட்கிறது. அவர் சொல்வதுதான் டவருக்கு ஏறாது. 108-க்கு அடித்தாலும் அதே கதிதான். யார் வீட்டு மாடியிலிருந்து இது வருகிறது என்று அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

நிறுவனங்கள் வைக்கும் ரிப்பீட்டரிலும் இரைச்சல் உண்டு. ஆனால் எந்த டவர், எவ்வளவு தூரம், எவ்வளவு பெருக்கம் என்று பார்த்து அடக்கி வைப்பார்கள். வீட்டுப் பெட்டியில் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி இருந்தாலும், முழுக்கத் திருப்பி வைப்பதுதான் மனித சுபாவம்.

சட்டம் இதைப் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை. உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தகவல் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று 1933-லேயே சட்டம் வந்துவிட்டது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருப்பதற்கு அங்கீகாரம் வேண்டும் என்கிறது. உரிமம் பெற்ற சேவை நிறுவனங்களைத் தவிர வேறு எந்தத் தனிநபரோ அமைப்போ மொபைல் ரிப்பீட்டரையும் பூஸ்டரையும் வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று 2022-ல் தொலைத்தொடர்புத் துறை வெளிப்படையாகவே அறிவித்தது. கடையில் பில்லோடு வாங்கினேன், ஆன்லைனில் ‘ஒரிஜினல்’ என்று போட்டிருந்தது என்பதெல்லாம் காப்பாற்றாது. திசை காட்டும் ஆன்டெனா பொருத்திய வண்டியோடு வந்து, இரைச்சல் எந்த மாடியிலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு என்று ஒன்று மத்திய அரசிடம் இருக்கிறது. ஓயாமல் கத்தும் கருவியைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குச் சுலபம்.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா என்றால், இல்லை. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2013-ல் விதிகளை வகுத்து, வீட்டு உபயோகப் பூஸ்டர்களை அனுமதித்தது. ஆனால் பெட்டிக்குச் சொந்தப் புத்தி இருக்க வேண்டும்: ஊளை ஆரம்பித்தால் தானாக அணைய வேண்டும், டவர் பக்கத்தில் இருந்தால் தானாகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவர் தன் மொபைல் நிறுவனத்திடம் பதிவும் செய்ய வேண்டும். பிரிட்டனின் ஆஃப்காம் 2018-ல், குறிப்பிட்ட தரத்துக்கு உட்பட்ட, வீட்டுக்குள் நிலையாக வைக்கும் ரிப்பீட்டர்களுக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்கு அளித்தது. இங்கேயும் அப்படித் தரச்சான்று பெற்ற பெட்டிகளுக்கு வழிவிடலாம் என்பது என் கட்சி. முழுத் தடை போட்டதால் பூஸ்டர் ஒழிந்துவிடவில்லை. தரமில்லாத பெட்டி மட்டும்தான் சந்தையில் தங்கியிருக்கிறது. ஆனால் விதி மாறும்வரை, ஆம்ப்ளிஃபயர் வைத்த ரிப்பீட்டரை வீட்டில் செய்யாதீர்கள் என்பதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் செய்தால்? கைவேலைக்காரர்களுக்கு உண்மையிலேயே சுவாரசியமான இடம் இதுதான். மாடியில் ஒரு யாகி ஆன்டெனா, அறைக்குள் ஒரு சின்னப் பேனல் ஆன்டெனா, இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். மின்சாரம் கிடையாது, சிப் கிடையாது, புது இரைச்சலும் கிடையாது. வெளியே இருப்பதைத் திரட்டி, சுவரைத் தாண்டி உள்ளே ஊற்றுவது மட்டும்தான் வேலை. மலைப்பகுதிகளில் மைக்ரோவேவ் இணைப்புகளைத் திருப்பிவிடக் குன்றின் மேல் பெரிய உலோகப் பலகைகளை நிறுத்திய பழக்கத்தின் தம்பி இது.

யாகி என்பது நம் பழைய டிவி ஆன்டெனாவின் வடிவம்தான். ஜப்பானின் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926-ல் வெளியிட்டது. 900 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் ஒரு அடிக்குச் சற்று மேல், 33 சென்டிமீட்டர். ஆகவே குறுக்குக் குச்சிகள் ஒவ்வொன்றும் 14 முதல் 16 சென்டிமீட்டர்தான் இருக்கும். தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனா இளைத்துப் பள்ளிக்கூட ஸ்கேல் அளவுக்கு வந்துவிட்டது.

காசையும் உழைப்பையும் கேபிளில் போடுங்கள். கடையில் ‘ஆன்டெனா கேபிள்’ என்று கேட்டால் எடுத்துத் தரும் மெல்லிய ஆர்ஜி-58, 10 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு சக்தியைத் தின்றுவிடும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 அதைவிட மேல். அது 75 ஓம் கேபிள், ஆன்டெனா 50 ஓம், பொருந்தாது என்பார்கள். அந்தப் பொருத்தக்குறைவால் வரும் நஷ்டம், ஆர்ஜி-58-ன் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எல்எம்ஆர்-400 கிடைத்தால் இன்னும் உத்தமம். விரல் தடிமன், வளைக்கக் கஷ்டம், விலையும் அதிகம். கனெக்டர் போடும்போது கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். வெளிப் பின்னலிலிருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை பிரிந்து நடுக் கம்பியைத் தொட்டாலும் போதும், மொத்த வேலையும் செத்துவிடும். மல்டிமீட்டரை வைத்து நடுக் கம்பிக்கும் பின்னலுக்கும் தொடர்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டே ஆன்டெனாவில் மாட்ட வேண்டும். மாடியில் இருக்கும் முனைக்கு, தண்ணீர் இறங்காதபடி ரப்பர் டேப் சுற்ற வேண்டும். ஒரு மழைக்காலம் போதும், ஈரம் ஏறிய கேபிள் வெறும் துணி உலர்த்தும் கொடி.

எவ்வளவு கிடைக்கும்? மாடியில் மைனஸ் 70, அறைக்குள் மைனஸ் 115 என்று கொள்வோம். 12 டெசிபல் யாகி பிடித்தால் மைனஸ் 58. கேபிளில் 2 போனால் மைனஸ் 60. உள்ளே 7 டெசிபல் பேனல், மைனஸ் 53. அங்கிருந்து காற்றில் 1 மீட்டர் தாண்டுவதற்குள் 31 டெசிபலுக்கு மேல் போய்விடும். கட்டில் வரை 3 மீட்டர் என்றால் மைனஸ் 94. மைனஸ் 115-லிருந்து 94-க்கு ஏறியது நூறு மடங்குக்கும் மேல். பேசலாம். அடுத்த அறைக்குப் போனால் பழைய குருடி கதவைத் திறடி.

இதே கணக்கை மாடியில் மைனஸ் 90 என்று வைத்துப் போட்டால் கட்டிலில் கிடைப்பது மைனஸ் 114. போட்ட காசு வீண். 1800 மெகாஹெர்ட்ஸில் இன்னும் 6 டெசிபல் குறையும். ஆக, ஆம்ப்ளிஃபயர் இல்லாத ரிப்பீட்டர், வெளியே டவர் நன்றாக எடுத்து, சுவர் மட்டுமே வில்லனாக இருக்கும் நகரத்து வீட்டுக்கு உதவும். டவரே தூரமாக இருக்கும் மலை வீட்டுக்கு உதவாது.

மலை வீட்டுக்காரர் என்ன செய்வது? 2020-ல் கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக மரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறி உட்கார்ந்த காட்சிகளைப் பார்த்தோம். அதைவிட நல்ல வழி இப்போது இருக்கிறது. சிம் போடும் 4ஜி ரவுட்டர்களில் சில, வெளி ஆன்டெனா மாட்டுவதற்கு எஸ்எம்ஏ துளை இரண்டோடு வருகின்றன. அதில் யாகி அல்லது பேனல் ஆன்டெனாவை மாட்டி, டவர் இருக்கும் திசைக்குத் திருப்பினால் ஒற்றைக் கோடும் நெட்டாக மாறும். ரவுட்டர் டவரோடு ஒரு சாதாரண போனைப் போலத்தான் பேசுகிறது. எவ்வளவு சக்தியில் பேசுவது என்று டவர் சொல்வதைக் கேட்டு நடக்கிறது. ஊளையிட இங்கே வழியே இல்லை.

நெட் வந்துவிட்டால் பேச்சும் வந்துவிடும். போனின் சிம் அமைப்புகளில் ‘வைஃபை காலிங்’ என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. அதை ஆன் செய்தால், வைஃபை வழியாகவே உங்கள் சொந்த எண்ணில் கால் வரும், போகும். பல போன்களில் ஓடிபியும் இதே வழியில் வந்துவிடும். ஃபைபர் நெட் உள்ள அடுக்குமாடி வீட்டில் ‘சிக்னல் இல்லை’ என்று பூஸ்டர் தேடுபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஒரு பட்டனே போதும் என்று நினைக்கிறேன். ஒரே குறை, கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும். ரவுட்டருக்கென்றே கையடக்க யூபிஎஸ் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் நாம் செய்யக்கூடியது. செய்ய வேண்டியவர்கள் வேறு சிலரும் உண்டு. உங்கள் இடத்தில் கவரேஜ் இருப்பதாக நிறுவனம் சொல்கிறதா என்பதை அவர்கள் இணையதளத்திலேயே வரைபடமாகப் பார்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிகளின்படி அதை வெளியிட்டாக வேண்டும். வரைபடத்தில் பச்சை, வீட்டு வாசலில் மைனஸ் 115 என்றால், போன் திரையைப் படம் பிடித்து இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். ‘சிக்னல் சரியில்லை’ என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட எண்ணுக்கு மதிப்பு அதிகம். கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு வசதியை வைத்து நட்சத்திர மதிப்பீடு தரும் விதிகளையும் டிராய் 2024-ல் கொண்டுவந்திருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் நீச்சல்குளம் எத்தனை அடி என்று கேட்பவர்கள், இதையும் பில்டரிடம் கேட்கலாம். தனித்தனியாகப் பூஸ்டர் தேடுவதைவிட, குடியிருப்போர் சங்கம் சேர்ந்து நிறுவனத்தைக் கூப்பிட்டு, கட்டடம் முழுவதற்கும் உள்ளரங்க ஆன்டெனா போடச் சொல்வது முறையானது, சட்டப்படியும் சரியானது.

சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தளம் போடுமுன், மொட்டை மாடியிலிருந்து கூடத்துக்கு ஒரு இன்ச் பிவிசி பைப் ஒன்றைத் தனியாக, கூர்மையான வளைவு இல்லாமல், உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு இறக்கி வையுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்க வேண்டாம். நாளைக்கு ஆன்டெனா கேபிளோ ஃபைபரோ எது வந்தாலும் சுவரை உடைக்காமல் இழுத்துக்கொள்ளலாம்.